மூக்கின் மானம்

உங்கள் அலுவலகத்துக் காப்பி இந்த முறை சூடாகவாவது இருக்கிறது, நீதிபதி அம்மா. போன தடவை ஆறிப்போயிருந்தது. வடக்கே பியர் குடித்து வளர்ந்தவர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. குமாஸ்தா ஐயா இதையும் சேர்த்துத் தட்டச்சு செய்கிறார் போலிருக்கிறது. செய்யட்டும், எதையும் விட வேண்டாம்.

என் வக்கீலை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். நல்ல பையன். என்னைக் காப்பாற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் கோர்ட்டில் சொல்லப்போகிற கதை உங்களுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க மூக்கால் பிழைத்த ஒரு கிழவன். ஒரு காய்ச்சலில் அவன் மூக்கு செத்துப்போகிறது. வெளியே சொல்ல வெட்கம். ஒயின் தொட்டிக்குள் விஷவாயு நிற்பது அவனுக்குத் தெரியவில்லை, கண்ணும் மங்கல், தன் ஞானமகளை உள்ளே இறங்கவிட்டுவிடுகிறான். பாவம்.

இந்தப் பாவம் என்ற சொல்லை மறுக்கத்தான் வந்தேன். அதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறான் பையன். போகலாம்தான். போனால் எங்கள் மொன்வெர்னே ஊரில் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவார்கள். கடைக்காரி ரொட்டியைக் கையில் கொடுத்து, வாசனை போனால் என்ன தாத்தா, பசி இருக்கிறதே என்பாள். என் மூக்கு செத்துவிட்டது என்று ஒத்துக்கொண்டால் வீடு. ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். நான் ஒத்துக்கொள்ளப்போவதில்லை.

நான் யார் என்று உங்கள் காகிதங்கள் சரியாகச் சொல்லவில்லை. அன்செல்ம் கூர்த்தோ, ஓய்வு பெற்றவர் என்று போட்டிருக்கிறது. நான் எதிலிருந்தும் ஓய்வு பெறவில்லை. எங்கள் ஊர்ப் பெயரைப் புட்டியில் ஒட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு வீட்டுச் சிவப்பும் வெள்ளையும் முதலில் எங்கள் குழுவின் மேசைக்கு வர வேண்டும். நாங்கள் முகர்ந்து, வாயில் வைத்துச் சுழற்றி, வாளியில் துப்பி, ஊருக்கு உரியதா இல்லையா என்று சொல்வோம். குழுவில் ஆறு பேர். அதில் ஐந்து பேர் கோப்பையைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். என் புருவம் ஏறினால் ஏற்பார்கள், இறங்கினால் தள்ளுவார்கள்.

அவர்கள் ஒயினை வர்ணிப்பதை நீங்கள் ஒருநாள் கேட்க வேண்டும். சிவப்பைக் கொடுத்தால் செர்ரி. வெள்ளையைக் கொடுத்தால் எலுமிச்சை. கறுப்புக் கோப்பையில் ஊற்றி நிறத்தை மறைத்துக் கொடுத்தால் எச்சிலை விழுங்கிக்கொண்டு பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். பழக்கடைக்காரனாவது பழத்தைத் தொட்டுப் பார்த்துப் பேசுகிறான். இவர்கள் எல்லோரும் தாத்தா காலத்திலிருந்து திராட்சை போடுகிறவர்கள். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

நான் செர்ரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. என் ஞானமகள் ஒதிலின் அப்பா மேட்டு நிலத்தில் எடுத்த சிவப்பை, மழை விட்ட பிறகு வேட்டைக்காரன் கழற்றிப் போட்ட தோல் கையுறை என்று சொன்னேன். அவருடைய வெள்ளையை, கல்லோடு கல்லை உரசிப் பொறி வருவதற்கு முந்தின கணம் என்றேன். மனுஷர் அழுதுவிட்டார். அந்த வார்த்தைகளைப் புட்டிக்குப் பின்னால் அச்சடித்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து கையுறை வாசனை வருகிற சிவப்பு எங்கே என்று கேட்டு வாங்கினார்கள். எல்லோருக்கும் கையுறை வாசனை வந்தது. சொல்லும் வரை ஒருவனுக்கும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து குளிர்காலத்துக்கு முன்னால் ஊரில் பாதிப் பேருக்கு வந்தது, எனக்கும் வந்தது. மூக்கு கொஞ்சநாள் ஓய்வெடுத்தது. பிறகு வந்துவிட்டது. எப்போது வந்தது என்று உங்கள் வைத்தியர் கேட்கிறார். அது என்ன ரயிலா, வந்த நேரத்தைக் குறித்துவைக்க? அப்போது என்னைப் பார்த்த நகரத்து டாக்டரின் சான்றிதழைப் பையன் தூக்கிக்கொண்டு அலைகிறான். அந்த டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? குட்டிக் குப்பிகளை ஒவ்வொன்றாக என் மூக்கின் கீழே நீட்டினார். கிராம்பு, காப்பிப்பொடி, சோப்பு. என்னிடம், சோப்பை நீட்டி, இது என்ன என்று கேட்டார். நான் பதில் சொல்ல மறுத்தேன். பதில் சொல்லாததை எல்லாம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்.

மூக்கு செத்திருந்தால் என் வர்ணனை அல்லவா முதலில் செத்திருக்க வேண்டும்? அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அது இன்னும் மெருகேறியது. நான் சொல்லவில்லை, ஊரே சொன்னது. அன்செல்ம் வேறு உயரத்துக்குப் போய்விட்டார் என்றார் மேயர். மூக்கு குறுக்கே வராதபோது வார்த்தைகள் தாராளமாக வருகின்றன. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தேர்ந்தவன் மூக்கை அதிகம் தொந்தரவு செய்ய மாட்டான் என்ற பொருளில் சொன்னேன்.

இனி ஒதில் பெரெனோ. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று கையில் ஏந்தி நின்றவன் நான். அப்பா போன பிறகு நிலத்தையும் நிலவறையையும் தனியாகவே நடத்தினாள். நாற்பதைத் தாண்டியும் என்னை ஞானப்பா என்றுதான் கூப்பிடுவாள். நல்ல மூக்கு அவளுக்கு. கற்பனை கிடையாது, வார்த்தை கிடையாது, வெறும் மூக்கு. வேட்டை நாய்க்கும் அதுதான் இருக்கிறது.

போன வருஷம் ஜனவரியில், திராட்சைக்காரர்களின் காவலரான புனித வின்சென்ட் திருநாள் விருந்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒதில் தன் அப்பா மூடிவைத்த பழைய சிவப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். வழக்கப்படி முதல் கோப்பை எனக்கு. நான் எழுந்து நின்று வர்ணித்தேன். இலையுதிர்ந்த காட்டின் ஈரத்தரை, பூட்டிக் கிடந்த மாதா கோவிலின் பலகை, நனைந்த பழைய துணி என்று நீளமாகவே சொன்னேன். கோப்பைகள் கைமாறின. ஒவ்வொருவனும் முகர்ந்தான், பக்கத்து ஆளைப் பார்த்தான், பிறகு தலையை ஆட்டினான். ஆமாம் ஆமாம், காட்டுத்தரைதான் என்றார் மேயர். மூக்கு முட்டக் குடித்தார்கள். ஒதில் மட்டும் என் கையிலிருந்த கோப்பையை மெல்ல வாங்கிவைத்துவிட்டு, இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது என்று வேறு புட்டியைத் திறந்தாள்.

அந்த வாரமே என் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து, வெகுநேரம் தன் நாய்க்குட்டியைப் பற்றிப் பேசிவிட்டு, விஷயத்துக்கு வந்தாள்.

“ஞானப்பா, அன்னிக்கு அந்த பாட்டில்ல தக்கை வாடை. திறந்ததுமே குப்புன்னு அடிச்சுது. உங்களுக்குத் தெரியலையா?”

தக்கை கெட்டுப்போனால் ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் ஏறும், நீதிபதி அம்மா. எங்கள் ஊரில் அதைக் கண்டால் பள்ளிப் பிள்ளைகூட முகத்தைச் சுளிக்கும். அன்று பெரியவர்கள் அத்தனை பேரும் அதைக் காட்டுத்தரை என்று சொல்லிக் குடித்தார்கள். இதில் யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

“தெரியாம என்ன? இந்த ஊர்ல எத்தனை பேருக்கு மூக்கு இருக்குன்னு பாத்தேன்” என்றேன் அவளிடம். அது உண்மை. அப்படித்தான் நினைவு.

“சரி, அப்படியே இருக்கட்டும்” என்றாள். கோபப்பட்டிருக்கலாம், கேலி செய்திருக்கலாம். அதையெல்லாம் நான் சமாளித்திருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இனிமே குழுவுல நான் உங்க பக்கத்துல ஒக்காந்துக்கறேன். கெட்டுப்போனதுன்னா மேசைக்கு அடியில ரெண்டு தட்டு தட்டுறேன். வார்த்தை நீங்க சொல்லுங்க ஞானப்பா, மூக்கை நான் பாத்துக்கறேன்.”

அன்றைக்கு அவளை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குழுவில் ஒரு இடம் காலியாக இருந்தது, அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஏதோ பொழுதுபோக்கு, தட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் தட்டியபோதெல்லாம் என் கருத்தும் அவள் கருத்தும் ஒன்றாகவே இருந்தன. தட்டுவதற்கு முன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். தட்டிய பிறகு இன்னும் உறுதியாகத் தோன்றும். என் முழங்காலுக்குப் பக்கத்தில் அவள் விரல் மரத்தில் படும் சத்தத்தை நான் இப்போதுகூடக் கேட்கிறேன். நாய்க்குச் சோறு வைக்கிறபோது தட்டைத் தட்டுவார்களே, அந்தச் சத்தம்.

மே மாதக் கூட்டத்தில் நான் அதை நிறுத்த முடிவு செய்தேன். கஸ்பார் தொமெலின் என்று ஒருவன், மனைவியை இழந்தவன், பேசத் தெரியாதவன். அவனுடைய வெள்ளை வந்தது. தட்டு விழவில்லை. எனக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. இது நம் ஊர் ஒயின் இல்லை, இதில் கல்லே இல்லை என்று சொல்லித் தள்ளினேன். அடுத்து ஒரு சிவப்பு. இரண்டு தட்டு விழுந்தது; பிறகு மறுபடியும் இரண்டு, என் காலையே தட்டினாள். இதில் மிருகத்தின் ஆழம் இருக்கிறது என்று சொல்லி ஏற்றேன். மற்ற நான்கு பேரும் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டார்கள். ஒதில் மட்டும் போடவில்லை. கஸ்பாரின் வெள்ளை ஊர்ப்பெயர் இல்லாமல் லாரியில் ஏறிச் சாதா ஒயினாகப் போனது.

அவள் அதைப் பெரிதுபடுத்தினாள். கோடை முழுக்க என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அறுவடை தொடங்கும் முன் வந்து, உட்காராமல் கதவருகே நின்றபடியே பேசினாள்.

“கஸ்பாரோட வெள்ளை நல்ல ஒயின். அது உங்களுக்குத் தெரிஞ்சு தள்ளினீங்களோ, தெரியாம தள்ளினீங்களோ, ரெண்டுல எதுவா இருந்தாலும் நீங்க அந்த நாற்காலியில இருக்கக் கூடாது ஞானப்பா. அறுவடை விருந்துல நீங்களே எந்திரிச்சு, வயசாயிடுச்சு, போதும்னு சொல்லிடுங்க. கைதட்டி அனுப்புவாங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டி வரும். எனக்கு அது வேண்டாம்.”

சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருவனுடைய மூக்கை ஊர் முன்னால் அறுக்கப்போகிறவள் அழவும் செய்கிறாள். பொறாமை என்று சொன்னால் அதையாவது மதித்திருப்பேன். அவளிடம் பொறாமை இல்லை. இரக்கம்தான் இருந்தது, வாளி வாளியாக.

நாற்காலிக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நாற்காலி எனக்குப் பொருட்டில்லை. நான் எழுந்து போனால் அந்த மேசையில் என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். செர்ரியும் எலுமிச்சையும் மிஞ்சும். தட்டுகிற விரல் ஒன்று மிஞ்சும். எங்கள் ஊர் மலைச்சரிவுக்குப் பேச்சு கொடுத்தவன் நான். அந்தப் பேச்சு நின்றுபோக விட்டிருக்க முடியாது.

சம்பவம் நடந்த நாளைப் பற்றி. அக்டோபர் ஆரம்பம். உச்சி வேளை. அறுவடை விருந்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அவளிடம் நியாயமாகப் பேசிப் பார்க்கலாம் என்றுதான் போனேன். அவளுடைய பெரிய மரத்தொட்டியில் சிவப்பு புளித்துப் பொங்கி முடிந்திருந்தது. ஒயினை அடியில் திறந்து பீப்பாய்களுக்கு வடித்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் திராட்சைச் சக்கை மட்டும் இடுப்பளவு மிஞ்சியிருந்தது. அதை ஒருவர் உள்ளே இறங்கித்தான் வாரி வெளியே தள்ள வேண்டும். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். முற்றத்தின் மறுகோடியில் அவர்கள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்தது. விருந்தில் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன் என நினைத்துவிட்டாள் போலும். அப்போதுதான் வடித்த ஒயினைக் கோப்பையில் பிடித்து என் கையில் கொடுத்தாள். வந்ததும் வந்தீர்கள், எனக்கு மேலே துணை நில்லுங்கள், அவர்கள் வருவதற்குள் பாதிச் சக்கையை வாரிவிடுவேன் என்றாள்.

எங்கள் ஊரில் தொட்டிக்குள் தனியாக யாரும் இறங்க மாட்டார்கள். பொங்கின ஒயினின் வாயு காற்றைவிடக் கனம். சக்கைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் படுத்துக் கிடக்கும். அதனால் முதலில் தகரக் குவளையில் மெழுகுவத்தியை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்குவோம். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. இறங்குகிறவர் இடுப்பில் ஒரு கயிறு, அதன் முனை மேலே நிற்பவர் கையில். மேலே நிற்பவர் எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உம் நின்றால் கயிற்றை இழுத்து ஊரைக் கூப்பிட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இது ஜெபத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

“நீங்க விளக்கு விட்டுப் பாருங்க ஞானப்பா, நான் பம்பை நிறுத்திட்டு வரேன்” என்று கீழே போனாள்.

ஏணியில் ஏறிப் பலகையில் நின்றேன். விளிம்புக்கு மேலே குனிந்தேன். அங்கேதான் அது நடந்தது. என் மூக்குக்குள் ஏதோ ஒன்று நுழைந்தது. ஊசியால் குத்துவதுபோல், கூர்மையாக, நெற்றிவரை. கண்ணில் நீர் கொட்டியது. ஐந்து குளிர்காலத்துக்குப் பிறகு ஒரு வாசனை. வழக்கமான வாசனை என்று எழுதச் சொல்லுங்கள். நான் மறுபடியும் குனிந்து இழுத்தேன், மறுபடியும் குத்தியது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. என் மூக்கு உயிரோடுதான் இருக்கிறது. இவள் எனக்குச் செய்ததெல்லாம் அவதூறு.

உங்கள் வைத்தியர் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். அந்தக் குத்தல் ஒரு வாசனையே இல்லையாம். வாயு படும்போது சதை எரிகிறதாம். மூக்கு முழுக்கச் செத்தவனுக்கும் அது தெரியுமாம். அப்படியென்றால் மூக்கு செத்தவனுக்கும் வாயு இருப்பது தெரியும் என்றுதானே ஆகிறது என்று அவரைத் திருப்பிக் கேட்டேன். பையன் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுடைய கதையே நான் எதையும் உணரவில்லை என்பதில்தானே நிற்கிறது.

மெழுகுவத்தியை ஏற்றி இறக்கினேன். ஒரு முழம்கூடப் போகவில்லை, அணைந்தது. நான் அணைக்கவில்லை, தானாக அணைந்தது; அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். என் மூக்கு முதலில் சொன்னது, மெழுகுவத்தி இரண்டாவதாகச் சொன்னது, இரண்டும் ஒத்துப்போயின. ஒரு சுவைஞனுக்கு இதைவிட மரியாதை எங்கே கிடைக்கும்? பலகையில் ஏன் இரண்டு தீக்குச்சி கிடந்தது என்று போன தடவை கேட்டீர்கள். காற்று என்று பையன் சொன்னான். நிலவறையில் காற்று ஏது? குவளையை மேலே இழுத்து, இரண்டாவது குச்சியைக் கிழித்து, மறுபடி ஏற்றினேன். பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது.

அவள் பம்பை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறி வந்தாள். குவளை என் கையில் இருந்தது.

“எரியுதா?”

“எரியுது.”

என் வாழ்நாளில் நான் கொடுத்த வர்ணனைகளிலேயே சுருக்கமானது அதுதான். பொய்யும் இல்லை, பாருங்கள். கையில் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்கும் விளிம்பருகே கொஞ்சம் குத்தியிருக்கும். வடித்த தொட்டி எப்போதும் கொஞ்சம் குத்தும், அதற்குத்தானே விளக்கு. என் மூக்கை நம்பாதவள் என் கண்ணை நம்பினாள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முனையை என் கையில் கொடுத்தாள்.

விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே போட்டபடி, கோப்பையைக் காட்டினாள். “பேச்சு குடுத்துக்கிட்டே இருங்க ஞானப்பா. அந்த ஒயினைச் சொல்லுங்களேன். அப்பாவோட மேட்டு நிலம். நீங்க வர்ணிச்சுக் கேட்டு ரொம்ப நாளாச்சு.”

இறங்கினாள். நான் ஆரம்பித்தேன். நல்ல ஒயின் அது, அவளுக்குக் கைராசி இருந்தது. மழை விட்ட மேட்டு நிலம், வேட்டை முடிந்து ஆள் வீடு திரும்பிவிட்டான், கையுறை மட்டும் வேலியில் மாட்டிக் கிடக்கிறது என்றேன். உம் என்றாள். தோலின் உட்புறத்தில் இன்னும் கைச்சூடு இருக்கிறது என்றேன். உம் என்றாள், கொஞ்சம் தாமதமாக. பிறகு மண்வெட்டி விழுந்த சத்தம். கயிறு என் கையில் ஒருமுறை கனத்தது.

நான் வர்ணனையைப் பாதியில் நிறுத்துகிறவன் இல்லை. அந்த ஒயினுக்கு நடுவில் ஒரு இடம் உண்டு, அங்கே கசப்பு வந்து இனிப்பைத் தொட்டுவிட்டுப் போகும், அதைச் சொன்னேன். முடிவில் நாக்கில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைச் சொன்னேன். அது நீளமாகவே தங்கியது. முற்றத்தில் வேலையாட்கள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது; கூப்பிட்டால் ஓடிவந்திருப்பார்கள். கூப்பிடவில்லை. கோப்பையைக் காலி செய்தேன். அன்று துப்பவில்லை. அவர்கள் வந்து கதவைத் திறந்தபோதும் கயிறு என் கையில்தான் இருந்தது. நான் அதை விடவே இல்லை என்று அவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள், கிழவர் அதிர்ச்சியில் உறைந்து நின்றார் என்று.

அவ்வளவுதான், நீதிபதி அம்மா. வாயு இருப்பது எனக்குத் தெரியும். என் மூக்கே சொன்னது. தெரிந்துதான் இறங்கவிட்டேன். கொலை என்ற சொல்லைப் போட வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், எனக்குச் சொற்களைப் பற்றிப் பயமில்லை. செத்த மூக்கு என்று மட்டும் எங்கேயும் எழுதக் கூடாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைத் தேடிப் பார்ப்பேன்.

உங்கள் ஆட்கள்மீது எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, அதையும் சேர்த்துவிடுங்கள். அன்று முதல் அவளுடைய நிலவறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். வடித்த ஒயினை வண்டலோடு அப்படியே கிடக்கவிடக் கூடாது, தெளிந்ததும் வேறு பீப்பாய்க்கு மாற்ற வேண்டும். இப்போது பிப்ரவரி. இத்தனை மாதம் வண்டலில் கிடந்தால் அழுகிய முட்டை நாற்றம் பிடுங்கும். அதைக் கண்டுபிடிக்கச் சுவைஞன் வேண்டாம், தெருவில் போகிற ஆடு போதும். அவளுடைய கடைசி ஒயின். உங்கள் முத்திரை அதை நாசம் செய்திருக்கும்.

என்ன அது? ஓ. அவளுடைய பீப்பாயிலிருந்தா? நேற்றுதான் எடுத்தீர்களா?

மோந்து பாத்துச் சொல்லுங்க என்கிறீர்கள். நல்லது. இப்படித்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும், குப்பியும் சோப்பும் இல்லாமல். இந்தக் கோப்பை பல் துலக்கத்தான் லாயக்கு, பரவாயில்லை. புட்டியின் அரக்கு முத்திரையை நன்றாக உடையுங்கள். ஊற்றுங்கள், இவ்வளவு போதும்.

நிறம் நிற்கிறது. கொஞ்சம் பொறுங்கள், அவசரப்படக் கூடாது. ம். இதோ வருகிறது. மழை விட்ட மேட்டு நிலம். வேலியில் மாட்டிய கையுறை. உள்ளே இன்னும் கைச்சூடு. நான் அன்று அவளுக்குச் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது. பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை, நீதிபதி அம்மா. சுத்தமான ஒயின், வண்டல் இதை ஒன்றும் செய்யவில்லை. பின்னால் லேசாக ஒரு மலர், அவள் அப்பாவின் ஒயினில்கூட நான் அதைக் கண்டதில்லை.

குமாஸ்தா ஐயா ஏன் தட்டச்சை நிறுத்திவிட்டார்? வெளியே பனி கொட்டும்போது எதற்கு ஜன்னலைத் திறக்கிறார்? நீங்களும் ஏன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு கைக்குட்டையை எடுக்கிறீர்கள்? ஓ, இரண்டு பேருக்கும் சளியா. பாவம், மூக்கு அடைத்தவர்களுக்கு இந்த வாசனை எங்கே தெரியப்போகிறது. நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.